மூன்றாவது ஓலை

இந்த ஊரில் ஒருவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போவதென்றால் பூங்கொத்து கொண்டுபோக வேண்டும். கடைக்காரி அழகாகக் காகிதம் சுற்றிக் கொடுப்பாள். வாசலில் மணியை அடித்துவிட்டு, அந்தக் காகிதத்தை நாமே பிரித்துக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெறும் பூவைத்தான் நீட்ட வேண்டும். காகிதத்தோடு கொடுத்தால் மரியாதைக் குறைவாம். பிரிக்கப்போகிற காகிதத்தைச் சுற்றுவானேன் என்று கேட்டால், அதுதான் வழக்கம் என்பார்கள். எனக்கு அந்தச் சங்கடமே கிடையாது. மேற்கு ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எந்த வீட்டுக்கும் நான் பூ கொண்டுபோனதில்லை. பிஸ்கட் டப்பாவோடு போய் நிற்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கஞ்சன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கையில் பூவோடு ஒருமுறை நின்றதே இந்த ஆயுசுக்குப் போதும்.

போன ஞாயிறு பிற்பகல் கீழ்வீட்டு ஹெல்கா அம்மாள் கூப்பிட்டிருந்தாள். எழுபது வயது, புருஷன் இல்லை, நாய் உண்டு. கேக்கை வெட்டி வைத்துவிட்டு டெலிவிஷனைப் போட்டாள். போட்டதும் வந்து நின்றது அந்தக் கிடா. கோட்டும் டையும் போட்ட கார்ட்டூன் ஆட்டுக்கிடா. மோவாயில் குறுந்தாடி, கையில் பூங்கொத்து. லேஸ் தொப்பி வைத்த ஒரு செம்மறிப் பெண்ணிடம் கல்யாணம் பேசப் போகிறது. போகிற வழியில் ஆசை அடங்காமல் பூவைத் தானே தின்றுவிடும். அடுத்த தடவை சாக்லேட்டைப் பெட்டியோடு தின்றுவிடும். கடைசியில் சர்ச்சில் மணப்பெண்ணின் முக்காட்டையே மென்றுவிட, அவள் விடுகிற உதையில் கிணற்றில் போய் விழும். ஹெல்கா அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பழைய படம். எனக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. உங்கள் நாட்டில் காட்டினார்களா?" என்று கேட்டாள்.

"காட்டினார்கள். அதில் நான் நடித்திருக்கிறேன்" என்றேன்.

என் ஜெர்மன் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள் பாவம். "பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்" எனத் திருத்திவிட்டு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

நான் பிழையாகச் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு டேனரியில், தோலை ஒரே கனத்துக்குச் சீவுகிற மிஷினில் நின்றுகொண்டிருந்தேன். எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, எங்கள் வேதக்கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசித்து, இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியாரான ஐயர் கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது ஓலை விழுந்தால் பாதிக் கல்யாணம் ஆன மாதிரி. எனக்கு இரண்டு விழுந்திருந்தன. டேனரிக்காரனுக்கு டீச்சர் பெண் கிடைப்பது லேசில்லை. எத்தனை சோப்பு போட்டாலும் தோல் வாடை எங்களை விடாது; பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போய்விடுவான். நான் பெண் பார்க்கப் போன அன்று எஸ்தர் மூக்கைச் சுளிக்கவில்லை. அதற்கே அவள்மேல் உயிரை வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயில் ஹாலில் படம். டேனரியில் புது மிஷின் பொருத்த ஜெர்மனியிலிருந்து வந்திருந்த குர்ட் என்ற ஃபிட்டர், தன் புரொஜெக்டரோடு வந்து சபையாருக்குக் கார்ட்டூன் காட்டினான். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், நடுவழியில் புரொஜெக்டர். நான் வேலை முடிந்து குளிக்காமல்கூட நேரே வந்திருந்தேன், கையில் இலையில் கட்டிய மல்லிகையோடு. தாலி கட்டும் முன் மாப்பிள்ளை பெண்கள் பக்கம் போகிற வழக்கமில்லை. இருட்டுதானே, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற எஸ்தரின் தங்கையிடம் பூவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நடுவழியைக் கடந்தேன். புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

திரையில் கிடா பூவை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, என் நிழல். அப்போது எனக்கும் குறுந்தாடி. கையில் பொட்டலம். ஹாலே அதிர்ந்தது.

"டேய், இன்னொரு கிடா வந்துகிதுடா!"

"பூவ துன்னுடாதப்பா, பொண்ணு பாவம்!"

"டேனரி கிடா ஆச்சே, இங்க வரிக்கும் வீசுது!"

யாரோ "மே..." என்றான். பிறகு ஹால் முழுக்க மே. குர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தவன், ரீலைப் பின்னால் சுற்றி, என்னை அங்கேயே நிற்கச் சொல்லிக் கைகாட்டி, அந்த இடத்தை மறுபடியும் ஓட்டினான். நானும் மடையன் மாதிரி நின்றேன். எஸ்தர் சேலைத் தலைப்பை வாயில் பொத்தியிருந்தாள். எனக்காக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தலைப்பு விலகியபோது பல் தெரிந்தது.

மறுநாள் ஆராதனையில் ஐயர் எங்கள் பெயரை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். பின்பெஞ்சிலிருந்து மெதுவாக, ரொம்ப பக்தியாக, ஒரு குரல் வந்தது.

"மே..."

சபை சிரித்தது. பாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஐயர் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார், புத்தகம் குலுங்கியது. அன்று மத்தியானமே எஸ்தரின் அப்பா வந்தார். வாசற்படி ஏறவில்லை.

"தப்பா எட்த்துக்காத தம்பி. பாப்பா வேணான்னுட்ச்சி. தாலி கட்ற நேரத்துல எவனாவது மே-ன்னா நாங்க இன்னா பண்றது?"

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? சிரிப்பா பூட்ச்சி. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் பேர் இல்லை. டேனரி கேட்டில் மே, பிரியாணிக் கடையில் மே. தாடியை எடுத்துப் பார்த்தேன். "மொட்ட கிடா" என்றார்கள். பெண் கேட்டுப் போன இடமெல்லாம் எனக்கு முன்னே அந்தச் சிரிப்பு போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். குர்ட்தான் தன் ஊர்த் தோல் ஆலையில் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தான். ரயிலடிக்கு வந்து என்னை அழைத்துப்போனபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அன்றைக்கு என்ன சந்தோஷம், இல்லையா?" ஆமாம் என்றேன். சோறு போடப்போகிறவனிடம் வேறென்ன சொல்வது?

போன வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். மேலே சென்ட் அடித்துக்கொண்டு, கோட்டு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எல்லாரும் அன்பாகக் கையைப் பிடித்தார்கள். எஸ்தர் ஒரு பாங்க் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் பெருத்து, நன்றாக இருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த சின்னப் பெண் என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"ம்மா, இவருதான் ஜெர்மனி மே மாமாவா?"

கேலி இல்லை, மரியாதையாகத்தான் கேட்டது. அந்தக் குழந்தைக்கு அதுதான் என் பேர். எஸ்தர் "ஆமா, மாமாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்றாள். அவர்கள் மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். சிரிப்பை மறந்துவிட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம். அதே ஆத்திரத்தோடு குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தேன்.

இங்கேயோ ஞானசிகாமணி என்ற என் பேர் எவன் வாயிலும் நுழையாது. ஆலையில் என்னை "இந்தியன்" என்பார்கள், ஹெல்கா அம்மாள் "மேல்வீட்டுக்காரர்" என்பாள்.

டெலிவிஷனில் கிடா கிணற்றில் விழுந்து படம் முடிந்தது. ஹெல்கா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த நாட்டு ஆடு 'மெக் மெக்' என்று கத்துமாம். "உங்கள் ஊர் ஆடு எப்படிக் கத்தும்?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காப்பித் தட்டுகளை எடுத்துப்போனேன். அவள் அதைப் பின்னாலிருந்து ஒருமுறை சரியாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மே!"

"இன்னா?" என்று திரும்பினேன்.