ஒரு ஃபோர்பிட் உப்பு

சட்டன் சந்தையில் கிழங்குக்காரன் கிலோ, பவுண்ட் என்று கூவிக்கொண்டிருக்க, சிவனேஸ்வரி ஒரு விரலை உயர்த்தி, "வன் ஃபோர்பிட், பிளீஸ்" என்கிறாள். அவன் விழிக்கிறான்.

"இங்கிலீசுக்காரனுக்கே இங்கிலீசு விளங்கேல்லை."

"அது ஸ்கொட்லாந்துக் கதையப்பா," என்று கணவர் ஆனந்தராஜா சிரித்தால், "நீங்கள் பேசாமல் பையைப் பிடியுங்கோ" என்பாள்.

அந்தச் சொல்லைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு மிஸிஸ் லின்ட்சே. ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் பிறந்த கிழவி. அவருடைய தாய் காலத்தில் ஃபோர்பிட் என்பது மரத்தால் செய்த அளவைப் பாத்திரம். 'பெக்' என்ற பெரிய அளவில் நாலில் ஒன்று. பிறகு தராசு வந்தது, பாத்திரம் போயிற்று. மூன்றரை இறாத்தல் கிழங்குக்கு அந்தப் பெயர் மட்டும் நின்றது. சைகையும் பேச்சுமாய் அவர் சொல்லி முடிக்குமுன்பே சிவனேஸ்வரி, ஊர் வழக்கப்படி அரிசி அளக்கும் பால்பேணியைத் தூக்கிக் காட்டினாள்: "கொத்திலை நாலிலை ஒண்டு. எங்கடை சுண்டுதானே!" அளவு ஒன்றல்ல, கணக்கு ஒன்று. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அந்தப் பேணிதான் ஃபோர்பிட். வேலிக்கு மேலால் ஓட்ஸ் வரும், பருப்புப் போகும்.

இப்போது எதுவும் வருவதில்லை.

சிவனேஸ்வரிக்குச் சட்டங்கள் அதிகம். செவ்வாயில் நகம் வெட்டமாட்டாள். விளக்குமாற்றை நிமிர்த்தி வைக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் உப்பு வீட்டைவிட்டு வெளியே போகாது; போனால் கூடவே சீதேவியும் போய்விடுவாளாம்.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், ஊரே பனியில் மூடிக்கிடந்த ஒரு வெள்ளி மாலை, மிஸிஸ் லின்ட்சே கதவைத் தட்டினார். வாசற்படியில் பனி இறுகிவிட்டது. தூவுவதற்கு ஒரு ஃபோர்பிட் உப்பு வேண்டும். சுவாமிப் படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் விளக்கிச் சொல்லச் சிவனேஸ்வரியிடம் இங்கிலீசு இல்லை. "ஃபினிஷ். நோ சோல்ட்" என்றாள். அவளுக்குப் பின்னால், குசினி மேசையில், ஊறுகாய்க்கு வாங்கிய உப்புப் பை வாய் திறந்து கிடந்தது. கிழவி அதைப் பார்த்தார். "ஓல் ரைட், டியர்" என்று திரும்பிப் போனார்.

சனி காலை அம்புலன்ஸ் வந்தது. படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்திருந்தது.

"விடியக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டுதான் இருந்தனான்," என்றாள் சிவனேஸ்வரி.

"பனிக்கு வெள்ளி, சனி தெரியுமே?" என்றார் ஆனந்தராஜா. இன்னும் ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பேணியில் உப்பைக் குவித்து எடுத்துக்கொண்டு அந்தப் படியேறி நின்றாள். "ஐ ஆம் சொறி" என்று பேணியை நீட்டினாள். மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி மிஸிஸ் லின்ட்சே பேணியை வாங்கிச் சன்னல் விளிம்பில் வைத்தார். மற்றக் கையால், விளிம்புக்கு மேலே குவிந்திருந்ததை வழித்து எடுத்தார்.

"ஃபோர்பிட். நோ மோர்," என்று, கேட்ட அளவுக்கு மிஞ்சிய அந்த உப்பை நீட்டினார்.

உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்று, கீழே வைத்தால்தான் எடுப்பவள் சிவனேஸ்வரி. சால்வைக்குள்ளிருந்து வெறுங்கையை எடுத்து, அவள் ஏந்தினாள்.