தப்பும் பொருந்த வேண்டும்

பேருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவரைப் பச்சைத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் பழைய கணினியோடு குடித்தனம் நடத்துகிறவர் என்று கேலி. ஓட்டுநர்களுக்கு ஷிப்ட் போடும் நிரல் அவர் பொறுப்பு. அதை எழுதியவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். அக்கா செய்ததெல்லாம் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டதுதான்.

அந்த நிரலை என்ன செய்வது என்று ஒவ்வொரு மேலாளரும் வந்ததும் ஒரு கூட்டம் போடுவார். ஒருவர் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்பார். அடுத்தவர் ஓடுகிற வண்டியை ஏன் நோண்ட வேண்டும் என்பார். பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றலாம் என்பது அக்காவின் யோசனை. அதற்கு நாளாகும் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக வந்த மேலாளர், முழுவதையும் புதிதாக எழுதித் தரும்படி ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். பழசும் புதுசும் ஒரே பட்டியலைத் தந்தால் வேலை முடிந்தது. ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது அக்கா.

பட்டியல்கள் பொருந்தவில்லை. சில ஓட்டுநர்களுக்குப் பழைய நிரல் எப்போதும் விடிகாலை வண்டி போட்டது. புதியது பகல் வண்டி போட்டது. அக்கா பழைய நிரலைத் தோண்டிப் பார்த்தார். நீண்ட நோய் விடுப்பில் போய்த் திரும்பியவர்களை, திரும்பிய அன்றுதான் வேலைக்கே சேர்ந்தவர்களாக அது எடுத்துக்கொண்டிருந்தது. பணிமூப்பு போய்விட்டது. புதியவர்களுக்கு விழும் விடிகாலை ஷிப்ட் அவர்கள் தலையில் விழுந்தது. எத்தனையோ முறை அந்த வரிகளைத் தாண்டிப் போனவர்தான் அக்கா, நின்று பார்த்ததில்லை.

டிப்போவுக்குப் போய் அப்படி ஒருவரைப் பிடித்தார்.

"முதுகு ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேர்ந்து இப்படித்தாம்மா. யாருக்கோ என் மேல காண்டுன்னு நினைச்சேன். டிப்போ மேனேஜர்கிட்ட பேசறதையே விட்டுட்டேன்."

"யாரும் பண்ணலண்ணே. கம்ப்யூட்டர்தான்."

"கம்ப்யூட்டருக்கு நான் என்னம்மா பண்ணேன்?"

அக்கா நேரே மேலாளரிடம் போனார். "புதுசு சரியாத்தான் சொல்லுது சார். பழசுதான் தப்பு."

"அப்ப ரெண்டும் பொருந்தல."

"தப்போட எப்படி சார் பொருந்தும்?"

"ஒப்பந்தத்துல பொருந்தணும்னுதான் இருக்கு. இப்ப மாத்தினா, இத்தனை வருஷம் ஏன் தப்பா போட்டீங்கன்னு சங்கம் கேக்கும். ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்."

"ரெண்டாம் கட்டம் எப்ப சார்?"

மேலாளர் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கம்பெனிப் பொறியாளர் தலையைச் சொறிந்துகொண்டே, சரியாக எழுதியதைத் தப்பாக மாற்றினார். "இப்படி ஒரு வேலை நான் பாத்ததே இல்ல மேடம்."

அன்று வீட்டில் பாத்திரங்கள் படாதபாடு பட்டன. தையல் மெஷினில் இருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "தட்டு என்ன பண்ணுச்சு?"

"நான் கையெழுத்துப் போடப் போறதில்ல."

"நீ போடலன்னா?"

"வேற எவனாவது போடுவான்."

"அப்புறம் எதுக்கு இந்த வீம்பு?"

அக்கா அடுத்த தட்டை இன்னும் ஓங்கி வைத்தார்.

அக்கா சொன்னபடியே, அவருக்குப் பதிலாகத் துணை மேலாளர் கையெழுத்துப் போட்டார். ரிப்பன் வெட்டி, கைதட்டி, புதிய கணினியை ஓட்டினார்கள். ஆனால் முதுகு ஆபரேஷன்காரர் சும்மா இருக்கவில்லை. சங்கத்தில் போய்ச் சொன்னார். சங்கம் மேலாளரின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிரலில் கைவைக்கக் கூடாது. அச்சாகி வரும் பட்டியலை, ஒவ்வொரு டிப்போவிலும் ஒரு எழுத்தர் பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.

எப்படித் திருத்துவது என்று சொல்லிக்கொடுக்க அக்காவைத்தான் அனுப்பினார்கள்.

"புது மெஷின் வந்தா வேலை குறையும்னாங்க. எனக்குக் கூடிப்போச்சேம்மா!" என்று எழுத்தர் அவரிடமே பாய்ந்தார்.

முதுகு ஆபரேஷன்காரருக்குப் பகல் வண்டி கிடைத்தது. டிப்போ மேலாளரிடம் மறுபடி பேச ஆரம்பித்திருப்பதாகவும் சொன்னார். அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் புதிய நிரலில் அந்த நாலைந்து வரிகளை மாற்ற அரைநாள் போதும் என்பது அவருக்குத் தெரியும். அனுமதி கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வருகிறது.