மாதா தாண்டிப் போகவேண்டிய வீடா?

போன வாரம் வந்த கோபம், இதை எழுதும்போதும் இறங்கவில்லை.

அக்டோபர் மாதம் எங்கள் வில்லாபுரத்துத் தெருவில் மாதா சுரூபம், அதாவது மரியன்னை சிலை, வீடு வீடாக வரும். சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லி, மாதாவை அங்கேயே வைத்துவிடுவோம். மறுநாள் அடுத்த வீடு. மாட்டுத்தாவணியில் பூ வாங்கிக் கட்டி விற்கிறவன் நான். அதனால் மாலை போடுவதும், சுரூபத்தைச் சுமப்பதும் என் வேலை. ஜெபம் நடத்தச் சொன்னால் மட்டும் ஓடிவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு ஜெயமேரி வீட்டு முறை. கணவர் அந்தோணி, பெயின்டர். குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

ஜெயமேரி வாசல் தெளித்து, மெழுகுவர்த்தியோடு காத்து நின்றார். ஜெபம் நடத்தும் சவரி அண்ணன் என் காதைக் கடித்தார்.

"மாப்ள, நிக்காத. அடுத்த வீட்டுக்கு நட."

"ஏண்ணே?"

"உள்ள எம்புட்டு நாத்தம்! பொம்பளைக, பிள்ளைக எப்பிடி உக்காரும்? குடிச்சே அழிஞ்சவனுக்கு மாதா ஒண்ணுதான் கொறச்சலாக்கும்!"

ஜெயமேரி காதில் விழுந்துவிட்டது.

"டெட்டால் ஊத்திக் கழுவிட்டேண்ணே. சுண்டல்கூட அவிச்சிருக்கேன். அவுக காலையிலருந்து 'மாதா வந்துருச்சா, வந்துருச்சா'ன்னு கேட்டுக்கிட்டே கெடக்காக..."

கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் இதே வாய்கள் என்ன சொல்லிக்கொண்டு வந்தன? 'பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்...'

யார் அந்தப் பாவி? எது அந்த வேளை? எப்போதோ, நாற்றமே இல்லாமல் வரப்போகிற சாவுக்கா இத்தனை அருள் நிறை மந்திரம்? இதோ – கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார். 'இப்பொழுது' என்பதும் 'இறப்பின் வேளை' என்பதும் அவருக்கு ஒன்றாகிவிட்டது. அவர் வாசலைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டில் உட்கார்ந்து அதையே சொல்வார்களாம்!

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் கையில் மாதா இருந்தது. உள்ளே நடந்துவிட்டேன். மாதா போனபின் கூட்டம் தெருவில் நின்று என்ன செய்யும்? வந்தது... மூக்கில் கர்ச்சீப்போடு.

சவரி அண்ணன் வழக்கம்போல எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஆரம்பித்தார். கூட்டம் சொல்லவேண்டிய பதில் ஜெபம் கட்டிலிலிருந்தும் வந்தது. அந்தோணிக்கு மூச்சு வாங்கியது. "இப்பொழுதும்..." என்று நின்றார். யாரும் முந்திக்கொண்டு முடிக்கவில்லை. சவரி அண்ணனும்தான். காத்திருந்தோம். ஜெயமேரி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"...எங்கள் இறப்பின் வேளையிலும்."

சின்ன வயதிலிருந்து வாயால் சொன்ன ஜெபம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

முடிந்ததும் சவரி அண்ணன் சுண்டலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதில் மட்டும் நாற்றம் இல்லை போலிருக்கிறது!