இருமல் முகாம்

மலை சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நாலு காம்பராவை விழுங்கியது. அதில் என்னுடையதும் ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு போனதை யோசிக்க எனக்கு நேரமே இல்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் கக்கூஸ்தான்.

பெண்களுக்கு ஒரே கக்கூஸ். அதன் கதவில் தாழ்ப்பாள் இல்லை. உட்கார்ந்தால் கதவு கைக்கு எட்டாது. யாரும் தள்ளிக்கொண்டு வந்துவிடாமல் இருக்க, உள்ளே போகிறவள் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம். மருந்து கொடுக்க வந்த மிஸ்ஸி, இத்தனை பெண்களுக்கும் இருமலா என்று பதறிப்போய் ஆளுக்கொரு போத்தல் பாணி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் பயத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். அடிவயிறு கடுத்தது. தோட்டத் தலைவரிடம் தாழ்ப்பாள் கேட்டால், "மேல சொல்லியிருக்கேன் தங்கச்சி" என்பார். மேலே மலைதான் இருந்தது. அதிலும் பாதி கீழே வந்துவிட்டது.

ஒரு நாள் கொழும்பிலிருந்து மனநல ஆலோசகர் ஒருவர் வந்தார். இளம்பெண். எங்களை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

"மனசுல என்ன பாரம் இருந்தாலும் சொல்லுங்க."

"தாப்பா இல்லைங்க மிஸ்," என்றேன்.

"அது சரி. நான் மனசைக் கேட்டேன்."

"மனசு பூரா அதுதாங்க இருக்கு!"

அடுத்த காம்பரா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆலோசகர் என்னை இரக்கமாகப் பார்த்தார். பெரிய அதிர்ச்சியில் இருப்பவர்கள் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தக் கதவையே பிடுங்கி அவர் மடியில் வைத்திருப்பேன்.

மத்தியானம் அவருக்கே அவசரம் வந்துவிட்டது. "இருமிக்கிட்டே இருங்க மிஸ்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். வெட்கப்பட்டுக்கொண்டு இருமாமல் இருந்திருக்கிறார். யாரோ கதவைத் தள்ள, உள்ளேயிருந்து ஒரே அலறல். வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார். இனி இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தோம்.

பொழுது சாய்வதற்குள் தாழ்ப்பாளும் ஆணியுமாகத் திரும்பி வந்தார். அக்கா கருங்கல்லாலேயே அடித்துப் பொருத்திவிட்டார்.

முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள். தாழ்ப்பாளைப் போட்டேன். இரும வேண்டியதில்லை. யாரும் வரமாட்டார்கள். அப்போதுதான் என் வீடு போய்விட்டது என்பது எனக்கு உறைத்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டத் தட்ட, உள்ளே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.