வத்தாஹினே வறுத்த சோளம்

மோஹாக் ஆற்றங்கரைப் பழங்குடி ஊர்களில் வத்தாஹினேயைப் போலக் கேள்வி கேட்டவள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆற்று வளைவில் அவளுக்கு ஒரு மக்காச்சோளக் காடு. நிலமும் விளைச்சலும் பெண்களுடையவை. ஆண்களுக்கு வேட்டையும் சண்டையும் சபைப் பேச்சும். இது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பீரங்கி வைத்திருந்த இங்கிலீஷ்காரனுக்குத்தான் தெரியாது.

அந்த இங்கிலீஷ்காரன்தான் அவளைக் குடைந்துகொண்டிருந்த புதிர். கீழ்க்கரை முழுக்கக் குடியேறிவிட்டான், கோட்டையும் கட்டிவிட்டான். அப்படியிருந்தும் வருஷா வருஷம் கம்பளியும் வெடிமருந்தும் படகில் ஏற்றிக்கொண்டு வந்து "உடன்பிறப்புகளே" என்று குழைந்தான். அவள் தன் அண்ணன் ஓனராத்தேயைப் பிடித்துக்கொண்டாள். சபையில் பெண்களின் முடிவை எடுத்துச் சொல்கிறவர் அவர்தான்.

"ஏண்ணே, துப்பாக்கி இருக்கு, பீரங்கி இருக்கு. புடுங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு வந்து கேக்குறான்?"

"நல்ல மனசுன்னு வச்சுக்கோயேன்."

"நல்ல மனசா? அவன் பன்னி என் காட்டுல புகுந்து மேஞ்சப்போ அந்த மனசு எங்க போச்சு? ஆதாயம் இல்லாம எவன் ஆத்தோட போவான்?"

ஓனராத்தே புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டார். தங்கையிடமிருந்து தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அவள் விடவில்லை. வந்தவன் போனவனையெல்லாம் கேட்டாள். இங்கிலீஷ்காரனின் சிவப்புச்சட்டைச் சிப்பாய்கள் அடர்ந்த வனத்துக்குள் நுழைந்தால் திசை தெரியாமல் விழிப்பார்கள் என்று படகோட்டி சிரித்தான். கடல் தாண்டிப் படை கொண்டுவருவதைவிடக் கம்பளி கொடுப்பது மலிவு என்றான் வியாபாரி. வடக்கேயிருந்து வந்த உறவுக்காரி சொன்னதுதான் முடிச்சை அவிழ்த்தது. அங்கே பிரெஞ்சுக்காரனும் இதே கம்பளி, இதே குழைவோடுதான் வருகிறானாம்!

"நாம அந்தப் பக்கம் சாஞ்சிட்டா இவன் பாடு திண்டாட்டம். அதான் கேக்குறான்," என்றாள் அண்ணனிடம். அன்று முழுக்க அவளுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் களை எடுக்கும்போது அடுத்த கேள்வி வந்து நின்றது. பிரெஞ்சுக்காரன் போய்விட்டால்?

அவள் பயந்தது அந்தக் காட்டை நினைத்துத்தான். அவளுடைய அம்மா விதைத்த மண் அது.

அந்த வருஷமே ஹோல்ப்ரூக் என்ற இங்கிலீஷ் கேப்டன் பிரெஞ்சுக்காரனோடு சண்டைக்கு ஆள் கேட்டு வந்தான். கையில் சிப்பிமணி கோத்த அகலமான பட்டை. பட்டை இல்லாத பேச்சு அங்கே வெறும் காற்று. வத்தாஹினேயின் மகன் அரோசன் கோடரியைத் தீட்டவே ஆரம்பித்துவிட்டான். ஆனால் வழிக்கு வேண்டிய வறுத்த சோளமாவும் காலுக்குத் தோல் செருப்பும் பெண்கள் கொடுக்க வேண்டும். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டால் சண்டையே இல்லை.

வத்தாஹினே ஒரு பட்டை கோத்தாள். ஓனராத்தே அதைச் சபையில் கேப்டனிடம் நீட்டினார்.

"எங்க பொம்பளைங்க கேக்குறாங்க. பிரெஞ்சுக்காரன் போனப்புறமும் எங்க மண்ணுல கால் வைக்கறதுக்கு முன்னாடி இதே மாதிரி வந்து கேப்பீங்களா?"

சம்மதமில்லை என்றால் பட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொண்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். கேப்டன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சிரித்தான், கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். சபையே ஆரவாரம் செய்தது.

வத்தாஹினே அடுப்பை மூட்டிச் சோளம் வறுத்தாள்.

"இப்பவாவது உன் கேள்வி தீந்துச்சாம்மா?" என்றான் அரோசன்.

"தீந்துச்சுடா வாயாடி. மூட்டையத் தூக்கு."

பிரெஞ்சுக்காரன் தோற்றுப் போனான். அரோசன் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பினான். அடுத்த இலையுதிர் காலத்தில் பரிசுப் படகுகள் வரவில்லை. பனி உருகியதும் இரும்புச் சங்கிலியோடு நாலு பேர் வந்து அவள் காட்டை அளந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை.

அவள் நேராகக் கேப்டன் வீட்டுக்குப் போனாள். அவள் கோத்த பட்டை கணப்படுப்புக்கு மேலே, மான்கொம்புக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

"வாக்கப் பத்திரமா வச்சிருக்கியே! அப்புறம் எதுக்கு அளக்குறாங்க?"

மொழிபெயர்ப்பவன் கேட்டுச் சொன்னான். "என்ன வாக்குன்னு கேக்குறார். அழகா இருந்துச்சாம், வச்சுக்கிட்டாராம்."

வறுத்துக் கொடுத்தது தன் கைதானே என்று மகனின் காலை நினைத்துக்கொண்டாள். பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அறுவடைக்கு முன்பே ஆற்று வளைவில் இங்கிலீஷ்காரனின் வேலி முளைத்தது.

அவள் தலை வெளுத்தது. ஓனராத்தே போய்ச் சேர்ந்தார். வத்தாஹினே மேட்டுநிலத்தில் பயிர் செய்து காலம் தள்ளினாள். பிறகு ஒரு கோடையில், குடியேறிய வெள்ளையர்கள் தங்கள் ராஜாவுக்கு எதிராகவே துப்பாக்கி தூக்கினார்கள் என்று பேச்சு அடிபட்டது. கொஞ்ச நாளில் ஆற்றில் படகுகள் தெரிந்தன. கம்பளி, கெட்டில், வெடிமருந்து. ராஜாவின் ஆளாக ஒரு புது அதிகாரி, கையில் பழையதைவிட அகலமான பட்டை.

"உடன்பிறப்புகளே," என்று ஆரம்பித்தான்.

இளவட்டங்கள் துள்ளினார்கள். பெண்களின் பதிலைக் கேட்டபோது வத்தாஹினே தானே எழுந்தாள். கிழவி முன்னே போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"மணி எல்லாம் நல்லாத்தான் கோத்திருக்கு. ஏந்தம்பி, இந்தத் தடவை யாருக்குப் பயந்து வந்திருக்கே?"

அவள் பட்டையை அதிகாரியின் மடியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று அவள் அடுப்பில் சோளம் வறுபடவில்லை.