கஞ்சி வேளையில் கேட்ட ஆமென்

பேய், ஆவி, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறவள் நான். வேதக்காரிதான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் ஆண்டவர் வானத்தில் இருக்கிறார், நாம் தோட்டத்தில் இருக்கிறோம், அவரவர் சோலி அவரவருக்கு என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்தாலும் நடந்தது நடந்ததுதான்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நானும் என் நாத்தனார் சலோமியும் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். சலோமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. நான் ஜெபம் பண்ணும்போது அவள் மட்டும் கண்ணை மூட மாட்டாள். என் உதடு நிற்பதைப் பார்த்தால்தானே முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அடுப்பு ஊதும்போதும் களை பிடுங்கும்போதும் ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைப்பு வேண்டும், விழிப்பாக இருங்கள் என்று எங்கள் போதகர் வாராவாரம் சொல்வார். நான் பிரசங்கத்தில் தூங்காமல் இருந்தேன், அவ்வளவுதான் என் விழிப்பு.

அந்த வாரமெல்லாம் பெருமழை. அன்று தூறல் மட்டும் விடவில்லை. மத்தியானம், சாக்கைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரிய நிழல் மரத்தடியில் உட்கார்ந்தோம். காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, கஞ்சிச் சட்டியைத் திறந்து வைத்து, கண்ணை மூடி, எப்போதும் சொல்கிற நாலு வார்த்தையைச் சொல்லி ஆமென் என்றேன்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆமென் கேட்டது.

ஆண் குரல். நம்பினால் நம்புங்கள், மிரட்டுகிற குரலே இல்லை. சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த சொந்தக்காரர் சொன்னது போல அத்தனை சாதாரணமாக இருந்தது. சட்டென்று திரும்பினேன். ஏலச்செடியும் மஞ்சும்தான். எனக்குப் பயம் வருவதற்குள் சலோமி எழுந்துவிட்டாள். யாரோ வா என்று கூப்பிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு ஓடைப் பக்கம் நடந்தாள். கத்தினால் கேட்கிறவளா? கஞ்சி சிந்தச் சிந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடையை எட்டியிருப்போம், முதுகுக்குப் பின்னால் வேர் அறுகிற சத்தம். காற்றே இல்லாத அந்த நேரத்தில், அத்தனை பெரிய மரமும் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் மேலேயே சாய்ந்து கிடந்தது.

யாரைப் பார்த்தாய் என்று சைகையில் கேட்டேன். அவள் என் இமை இரண்டையும் விரலால் மூடினாள், பிறகு திறந்துவிட்டாள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நீ பார்க்கவில்லையா என்பது போல ஒரு பார்வை.

அதற்குள் மேட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்த பேச்சி அக்கா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஏ எஸ்தரு! நீங்க ரெண்டு பேரும் இங்கன நிக்கிறீக, அந்த ஆளு எங்க?”

“எந்த ஆளுக்கா? நாங்க ரெண்டு பேருதான்.”

“அட ஆத்தா, மேலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், உங்க கூட ஒரு ஆம்பள உக்காந்திருந்தாரே! மரத்துக்கடியில கெடக்காரோ என்னமோ, வெரசா ஆளக் கூப்புடுங்க!”

கங்காணி ஆட்களோடு வந்து கிளைகளை வெட்டித் தேடினார். யாரும் இல்லை. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் பத்திரமாக இருந்தார்கள், வெளியாள் வந்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், போடியில் வீடு கட்டினோம், சலோமி இன்றும் என்னோடுதான் இருக்கிறாள். அரிசி களையும்போதுகூடப் பக்கத்தில் ஒருவர் இருப்பது போலப் பேசிப் பழகிவிட்டேன். மருமகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். மனசு நிறைவாகத்தான் இருக்கிறது.

ஆனால் பேச்சி அக்கா கண்ணை மூடும்வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் மட்டும் இன்றும் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிடுகிறது.

“ஒங்க ரெண்டு பேரு தலையிலயும் சாக்கு இருந்துச்சு எஸ்தரு. அந்த மனுசன்தான் பாவம், வெறுந்தலையோட நனைஞ்சுக்கிட்டு, ஒரு வாய் குடுப்பீகளான்னு ஒங்க சட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாரு.”