விடுதியின் தனிப்பானை

பட்டணத்துக் கல்லூரி விடுதியில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்ப் பானைதான் என்று கேள்விப்பட்ட அம்மா, நான் புறப்படும்வரை செம்பைத் தூக்கிக் குடிக்கப் பழக்கினாள்.

"உதடு படக்கூடாதுபா. எச்சில்னு சொல்லுவாங்க."

சட்டை நனைய நனையப் பழகினேன்.

விடுதியில் பானையை நெருங்கியதுமே சமையற்காரர் மறித்தார். "அது பிராமணப் பிள்ளைகளோடது. நோக்கு வெளியில தனிப்பானை வச்சிருக்கு." நான் எப்படிக் குடிக்கிறேன் என்று பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

தீட்டுப்படாத மடி என்று அவர் இடுப்பில் உடுத்தியிருந்தது எங்கள் காஞ்சிபுரத்தில் நெய்த பட்டு. தறியில் குறுக்கிழையை ஓட்டும் நாடாக்கட்டைக்கு நூல் மாற்றும்போதெல்லாம் என் அப்பாவும் எங்கள் தெருக்காரர்களும் இழையை அதன் துளை வழியே வாயால்தான் உறிஞ்சி இழுப்பார்கள். அந்த எச்சிலைக் கட்டிக்கொண்டுதான் அந்த மனிதர் எனக்குத் தனிப்பானையைக் காட்டினார்.